எம்.ஐ.ஏ.வின் 'கலா': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராப் பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பம் 'கலா'. 2007 ஆகஸ்டில் வந்தது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். ஆல்பம் ஏற்கெனவே பழக்கமானவர்கள் நேரே சென்னைப் பதிவு பற்றிய கேள்விக்குப் போகலாம்.

"கலா"வா, "காலா"வா? ரஜினி படத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கலா. மாயாவின் அம்மா பெயர். ஆங்கில எழுத்தில் குறில், நெடில் தெரியாது என்பதால் வந்த குழப்பம் இது. ரஜினியின் 'காலா' 2018-ல் வந்த படம். இந்த ஆல்பம் அதற்கு 11 வருடம் மூத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

இவங்க ஈழத் தமிழரா, லண்டன்காரங்களா? தமிழ்ல பாடுவாங்களா?

இரண்டும்தான். 1975-ல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இலங்கைக்குப் போனது. யாழ்ப்பாணத்திலும், போருக்கு நடுவே சில காலம் சென்னையிலும் வளர்ந்து, பத்துப் பதினோரு வயதில் அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பினார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தவர். பாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஓவியமும் வீடியோவும்தான் அவர் வேலை.

ராப் செய்வது ஆங்கிலத்தில். தமிழ் வரி தேடிக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். இந்த ஆல்பத்தில் தமிழ் இருப்பது மேளத்தில்.

முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, ரெண்டாவதுக்கு அம்மா பேரு. வெறும் பாசமா, வேற அர்த்தம் இருக்கா?

'அருளர்' 2005-ல் வந்தது. அது அப்பாவின் இயக்கப் பெயர். ஈழப் போராட்ட அமைப்பான ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். வீட்டில் அதிகம் இல்லாத மனிதர். 'கலா' அம்மாவுக்கானது: லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். முதல் ஆல்பத்தில் கொள்கையும் கோஷமும் முன்னால் நிற்கும். இரண்டாவதில் பிழைப்பு, வேலை, காசு, கடவுச்சீட்டு.

இந்த வித்தியாசம் சத்தத்திலேயே கேட்கும். 'அருளர்' பெரும்பாலும் ரோலண்ட் எம்.சி. 505 என்கிற ஒற்றைக் கருவியைச் சுற்றிப் பிறந்தது. பெட்டிக்குள் அடங்கிய, வறண்ட, கச்சிதமான ஒலி. 'கலா'வில் ஆட்கள் இருக்கிறார்கள். மேளக்காரர்கள், கத்தும் பிள்ளைகள், கோழிகள்கூட.

அமெரிக்காவுல பெரிய புரொடியூசரோட செய்ய வேண்டிய ஆல்பம்தானே? ஏன் ஊர் ஊரா அலைஞ்சாங்க?

விசா கிடைக்கவில்லை. அதுதான் உண்மையான காரணம். அமெரிக்காவில் டிம்பலாண்டோடு உட்கார்ந்து பெரும்பகுதியை முடிப்பதாகத் திட்டம். புரூக்ளினில் வீடுகூடப் பிடித்தாகிவிட்டது. 2006-ல் அமெரிக்காவுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது.

அதனால் போக முடிந்த இடங்களுக்கெல்லாம் போனார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். கூட வேலை செய்தவர் ஸ்விட்ச் என்கிற டேவ் டெய்லர், லண்டன் நடன இசைக்காரர். ஒரு மடிக்கணினி, ஒரு மைக், லாஜிக் புரோ மென்பொருள் இருந்தால் எந்த அறையும் ஸ்டூடியோ என்கிற முறையில் பதிவு நடந்தது. பிற்பாடு விசா கிடைத்து, மிச்ச வேலை அமெரிக்காவில் முடிந்தது. டிம்பலாண்டோடு செய்தவற்றில் தங்கியது கடைசிப் பாட்டான 'கம் அரவுண்ட்' மட்டும். எங்கள் காதுக்கு ஆல்பத்தில் ஒட்டாமல் நிற்பதும் அது ஒன்றுதான். பழைய திட்டம் நிறைவேறியிருந்தால் முழு ஆல்பமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பதற்கு அது சாட்சி.

சென்னையில என்னதான் பதிவாச்சு? ஏ.ஆர். ரஹ்மான் இசையமைச்சாரா?

இல்லை. ரஹ்மானோடு சேர்ந்து பாட்டு செய்யும் யோசனை இருந்தது, கூடிவரவில்லை. ஆனால் அவர் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்தக் கொடுத்தார், இசைக்கலைஞர்களோடு தொடர்பும் ஏற்படுத்தித் தந்தார். இருவர் பெயரும் சேர்ந்து வந்தது அடுத்த வருடம், 2008-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சாயா' பாட்டில். இரண்டையும் கலந்து 'கலா ரஹ்மான் ஆல்பம்' என்று எழுதுவது தவறு.

சென்னையில் பதிவானதில் முக்கியமானது மேளம். இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்களை வைத்து எடுத்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் அடித்தளமே உறுமிதான். வெளிநாட்டு ஆல்பங்களில் இந்திய வாத்தியம் பெரும்பாலும் பின்னணியில் ஒரு சிதார் மீட்டலாகத்தான் வரும், மணத்துக்குக் கறிவேப்பிலை தாளிப்பதுபோல. இங்கே உறுமியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் அடிக்கிற மேளம், சபா மேடையில் இடம் கிடைக்காத மேளம், உலக நடன அரங்குகளில் தலைமை வாத்தியமானது இந்த ஆல்பத்தில்தான். இதைத்தான் இதன் முதல் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

உறுமியை ராப் பீட்டுக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது? நாங்க முயற்சி பண்ணினா சத்தம் உடைஞ்சுபோகுது, இல்லன்னா குழம்புது.

முதலில் வாத்தியம். உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். மற்றதை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்ப்பில் வரும் 'ம்ம்ஊஊம்' என்ற இழுப்புதான் உறுமல். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் அடி தூக்கும், இழுப்பு அமுங்கும். முகத்துக்கு ஒரு மைக், ஒரு முழத் தூரத்தில், தனித்தனித் தடத்தில் எடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடிச்சத்தம் மெலிந்தால் ஒரு தடத்தின் துருவத்தை (polarity) திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதிவு அளவை மிக உரத்த அடியிலும் -10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒத்திகையில் மெதுவாக அடிப்பவர்கள் பதிவின்போது வேகம் பிடித்து இரண்டு பங்கு ஓங்கி அடிப்பார்கள். சத்தம் உடைவது அங்கேதான்.

குழப்பம் வருவது தாழ்ந்த சுருதியில். உறுமியின் இழுப்பும் எலக்ட்ரானிக் கிக்கும் (பீட்டின் தாழ்ந்த டிரம் அடி) ஏறக்குறைய ஒரே இடத்தில், 60 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை, முட்டிக்கொள்ளும். யார் தரைமட்டம் என்று முடிவு செய்யுங்கள். கிக் என்றால் உறுமியில் 100-க்குக் கீழே வெட்டுங்கள். உறுமி என்றால் கிக்கைக் குட்டையாக்கி, அதன் 'டக்' சத்தத்தை மட்டும் வையுங்கள். 'பேர்ட் ஃப்ளூ' கேட்டால் இரண்டாவது வழி புரியும்: மேளம் நடுவில் உட்கார்ந்திருக்க, மற்றதெல்லாம் சுற்றி நிற்கும்.

அடுத்த தப்பு, ஒவ்வொரு அடியையும் கணினிக் கட்டத்தில் இழுத்து ஒட்டுவது. மேளக்காரர்கள் அடி நேர்கோட்டில் விழாது. ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் பிந்துவார். அந்தத் தள்ளாட்டம் போனால் பொம்மை மேளம்தான் மிஞ்சும். நான்கு தாள வட்டத்துக்கு ஒருமுறை முதல் அடியை மட்டும் கட்டத்தில் பொருத்துங்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள்.

தமிழ் சினிமாப் பாட்டு எதெல்லாம் உள்ளே இருக்கு?

இரண்டு. முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'வில் இளையராஜாவின் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' ('தளபதி', 1991). தை பிறப்பதைக் கொண்டாடும் அந்தப் பாட்டின் துண்டு, அமெரிக்க ராக் பாடகர் ஜோனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' வரிகளோடு சேர்ந்து ஓடுகிறது. இரண்டாவது பாட்டான 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' (2003) படத்தின் 'திருவிழான்னு வந்தா', ஆர்.பி. பட்நாயக் இசை. இந்த ஆல்பத்தை வாங்கிய வெளிநாட்டுக்காரர் முதல் எட்டு நிமிடத்துக்குள் தன்னையறியாமல் இரண்டு தமிழ்ப் படப் பாட்டைக் கேட்டு முடித்திருப்பார்.

நான்காவதாக வரும் 'ஜிம்மி' இந்தி: 'டிஸ்கோ டான்சர்' (1982) படத்துக்கு பப்பி லஹிரி போட்ட 'ஜிம்மி ஜிம்மி' மெட்டு. சின்ன வயதில் வீட்டு விசேஷங்களில் மாயா ஆடிய பாட்டு அது. அம்மா பெயரிட்ட ஆல்பத்தில் அது வருவது தற்செயலல்ல.

அப்போ இது காப்பிதானே? அடுத்தவங்க பாட்டை எடுத்துப் போடறதுக்கு எதுக்கு இவ்வளவு புகழ்?

மூன்று வேறு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்பிள் என்றால் பழைய ஒலிப்பதிவையே வெட்டி எடுப்பது. அதற்கு இரண்டு அனுமதி தேவை: ஒலிப்பதிவுக்குச் சொந்தமான கம்பெனியிடம் ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் உரிமையுள்ளவர்களிடம் இன்னொன்று. மெட்டையோ வரியையோ புதிதாகப் பாடிச் சேர்த்தால் இரண்டாவது அனுமதி மட்டும் போதும். முழுப் பாட்டையும் எடுத்து வார்த்தையை மாற்றினால் அது தழுவல். அதற்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். 'ஜிம்மி' இந்த மூன்றாவது வகை.

'பேப்பர் ப்ளேன்ஸ்' சாம்பிளுக்குச் சரியான உதாரணம். பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதார்தான் அதன் முதுகெலும்பு. அதனால் மாயா, அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிப்ளோ ஆகியோர் பெயர்களோடு கிளாஷ் குழுவின் நால்வரும் பாடலாசிரியர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள், பாட்டு சம்பாதிப்பதில் அவர்களுக்கும் பங்கு. இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. 'மூணு செகண்டுக்குக் கீழே எடுத்தா அனுமதி வேண்டாம்' என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஒரு சட்டமே கிடையாது. அதை நம்பிப் பாட்டு வெளியிட்டுப் பிறகு இணையத்திலிருந்து இழந்தவர்கள் நிறைய.

'பேப்பர் ப்ளேன்ஸ்'ல துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் வருது. கொள்ளையடிக்கச் சொல்றாங்களா?

பல்லவி அப்படிக் கேட்கும். ஆனால் மேலே சொன்ன விசா கதையோடு சேர்த்துக் கேளுங்கள். குடியேறி வருகிறவனைப் பார்த்தாலே 'நம் காசைப் பறிக்க வந்தவன்' என்று நினைக்கிற பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையையே உடையாக மாட்டிக்கொண்டு பாடுகிறார். வீடியோவில் அவர் செய்வது என்ன? புரூக்ளினில் வண்டி போட்டு சாண்ட்விச் விற்கிறார். துப்பாக்கி காதில் கேட்கும்போது கண்ணில் தெரிவது பிழைப்பு. சாம்பிள் செய்த 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லும் புலம்பெயர்ந்தவர்களை எந்த நாடும் ஏற்காததைப் பற்றிய பாட்டு என்பதையும் கவனியுங்கள்.

எம்.டி.வி. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றி ஒளிபரப்பியது. 2007-ல் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் பாடியபோதும் வேறு சத்தம் போட்டார்கள். மாயா அதை வெளிப்படையாகவே கண்டித்தார். சத்தங்கள் இங்கே வரியின் பாதி. வார்த்தை நிற்கிற இடத்தில் வெடி முடிக்கிறது. அதை எடுத்தால் வாக்கியமே தொங்குகிறது. பழைய தொலைக்காட்சிப் பதிவில் முதலில் கேட்டுவிட்டு 'இதுல என்ன இருக்கு' என்பவர்கள் ஆல்பப் பதிவைக் கேட்டுப் பார்க்கட்டும்.

2007-ல வந்த பாட்டு எப்படி 2008-ல திடீர்னு ஹிட்டாச்சு?

சினிமா. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் 2008-ல் இந்தப் பாட்டு வந்தது. அதுவரை இசைப் பிரியர்கள் மட்டும் அறிந்திருந்த பாட்டை ஊரே தேடத் தொடங்கியது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. அந்த ஆண்டே டி.ஐ., ஜே-இசட், கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் இதில் ஒரு வரியை சாம்பிள் செய்து 'ஸ்வாகா லைக் அஸ்' வெளியிட்டார்கள். பிறகு 'ஸ்லம்டாக்' படத்திலும் வந்தது.

2009 பிப்ரவரி கிராமியில் 'ஆண்டின் சிறந்த பதிவு' பிரிவில் போட்டியிட்டது. விருது ராபர்ட் பிளான்ட், ஆலிசன் கிராஸ் இணைக்குப் போனது. அன்று அந்த நால்வரோடு மேடையேறியபோது மாயா நிறைமாதக் கர்ப்பிணி. மூன்றாம் நாள் மகன் பிறந்தான்.

விமர்சகர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, சரி. நிஜமா வித்துச்சா?

'அருளர்' அமெரிக்க ஆல்பப் பட்டியலில் 190-ஆம் இடம், பிரிட்டனில் 98. 'கலா' அமெரிக்காவில் 18, பிரிட்டனில் 39. பின்னாளில் அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கான கோல்டு சான்றிதழும் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-ன் சிறந்த ஆல்பமாக இதைத்தான் முதலிடத்தில் வைத்தது. விந்தை என்னவென்றால், சொந்த நாட்டின் மெர்க்குரி பரிசுக்கு 'அருளர்' பரிந்துரைப் பட்டியலில் வந்தது, இது வரவில்லை.

எல்லாம் டிப்ளோதான் செஞ்சாராமே?

இல்லை. 'அருளர்' ஆல்பத்தில் டிப்ளோவின் கைவண்ணம் 'பக்கி டன் கன்' என்ற ஒரு பாட்டில்தான். 'கலா'வில் 'பேப்பர் ப்ளேன்ஸ்' உட்படச் சிலவற்றில் இருக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்', 'ஜிம்மி' எல்லாம் மாயாவும் ஸ்விட்சும் தயாரித்தவை. 'தி டர்ன்' பிளாக்ஸ்டார் என்ற தயாரிப்பாளருடையது. ஆனாலும் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப டிப்ளோவையே மூளையாகக் காட்டின. ஒரு பெண் தானே தயாரித்தாள் என்றால் ஏன் நம்ப மறுக்கிறீர்கள் என்று 2007-லேயே பேட்டியில் மாயா கேட்டார். நியாயமான கோபம். சென்னையில் இருபது பேரை உட்காரவைத்து இன்ன மேளம் வேண்டும் என்று கேட்டது யார்? டிப்ளோ அந்த அறையிலேயே இல்லை. தயாரிப்பு என்பது பொத்தான் அழுத்துவது மட்டுமென்று நினைப்பதால் வருகிற பிழை இது.

ஏழை நாட்டு ஆளுங்களோட சத்தத்தை எடுத்துத் தன் பேர்ல வித்துட்டாங்கன்னு சொல்றாங்களே?

இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. பாட்டுக்குப் பாட்டு விடை மாறும். 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் வில்கானியா மாப் குழு 2002-ல் செய்த பாட்டின் மறுவடிவம். அவர்கள் பெயர் பாட்டின் தலைப்பிலேயே நிற்கிறது, அவர்கள் ராப்பும் முழுதாக இருக்கிறது, மாயா தன் பகுதியைச் சேர்த்திருக்கிறார். 'ஹசல்' பாட்டில் நைஜீரிய வம்சாவளி லண்டன் ராப்பர் ஆஃப்ரிக்கன் பாய் தன் பெயரில் பாடுகிறார். '20 டாலர்' லைபீரியப் பயணத்திலிருந்து வந்தது, அங்கே துப்பாக்கி எவ்வளவு மலிவு என்பதைச் சொல்வது.

மேளக்காரர்கள் விஷயத்தில் குறை உண்டு என்பது எங்கள் கருத்து. 'பேர்ட் ஃப்ளூ'வைக் கொண்டாடிய எழுத்துகளில் ஸ்விட்ச் பெயர் இருக்கும், உறுமி என்ற சொல்கூட அபூர்வமாகத்தான் இருக்கும், அடித்தவர் பெயர் இருக்கவே இருக்காது. இது மாயாவைவிட எழுதியவர்களின் தவறு. நம் ஊர்ப் படப் பாட்டு அட்டைகளிலும் இதே கதைதான்.

இது புலிகளை ஆதரிக்கிற ஆல்பமா? இலங்கையில பிரச்சினை வந்துச்சே?

எந்த இயக்கத்தையும் ஆதரிக்கும் பாட்டு இதில் கிடையாது. குழப்பத்துக்குக் காரணங்கள் உண்டு. அப்பாவின் இயக்கம் ஈரோஸ், புலிகள் அல்ல. வெளிநாட்டு எழுத்துகள் இரண்டையும் பல முறை ஒன்றாக்கின. 'அருளர்' காலத்து ஓவியங்களில் புலி உருவம் இருந்தது. இன்னொன்று, 'பேப்பர் ப்ளேன்ஸ்' பட்டியல் ஏறிய மாதங்களும் போரின் கடைசி மாதங்களும் ஒன்றாக வந்தன. 2009 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் வன்னி மக்கள் சாவதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுக்கு வந்த எதிர்ப்பு, ஆல்பத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. பயங்கரவாதத்தை ஆதரிப்பதாகச் சொன்னதை அவர் மறுத்திருக்கிறார்.

சரி, புதுசா கேக்கிறவங்க எங்க ஆரம்பிக்கிறது?

'பேப்பர் ப்ளேன்ஸ்' எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். 'பாய்ஸ்' முதலில். பிறகு 'பேர்ட் ஃப்ளூ', 'ஜிம்மி', 'எக்ஸ்.ஆர்.2' (ஃபோர்டு காரின் பெயர், 1992 லண்டன் இரவு நடனங்களின் நினைவு). அதற்குப் பிறகு 12 பாட்டையும் வரிசையாக.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் வராது. உறுமியின் அடி கேட்கும், உறுமல் கேட்காது. காதில் மாட்டும் சாதாரண ஹெட்போன் போதும். காரில் போட்டால் பாஸை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள், இழுப்பு தனியாகப் பிரிந்து கேட்கும்.